எந்த வேலையும் செய்யவில்லை எனச் சான்றளிக்கிறேன்

நான் எதற்கும் உதவாதவன் என்பதற்கு அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இருபது வருடமாக என் மனைவி வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அரசாங்கம் எழுத்தில் கொடுத்துவிட்டது. அதன் புண்ணியத்தில்தான் இன்று எனக்குச் சம்பளம் வருகிறது, நாளைக்கு ஓய்வூதியமும் வரும். எங்கள் ஆபீசில் நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்து இரண்டு பேருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது. கிடைக்காமல் போன ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்லவே அலுப்பாக இருக்கிறது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என் பெயர் ஆதிகேசவன். பெங்களூர்க்காரன், வீடு மர்பி டவுன். மாநில மழைமானிக் கழகத்தில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மழைமானி என்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று தெரியும். இதைச் செய்து ஊர் ஊராக வைப்பதற்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு நிர்வாக இயக்குநர், அவருக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு டிரைவர் என்று எழுபதுகளில் ஆரம்பித்தார்கள். பிறகு மழையைத் தானே அளந்து தானே செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. இரண்டாயிரத்து நான்கில் எங்கள் உற்பத்தி நின்றது. கழகம் நிற்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்ததே உற்பத்தி நின்ற பிறகுதான்.

கழகம் ஆரம்பிக்கும்போது அரசாங்கத்திடம் ஒன்பது கோடி கடன் வாங்கியிருந்தார்கள். உற்பத்தி நின்றதும் எங்கள் சம்பளத்தையும் அரசாங்கம் கடனாகவே கொடுத்தது. வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதத்துக்கு அபராதம் என்று அது இருநூற்றுப் பன்னிரண்டு கோடிக்கு வந்து நின்றது. கொடுத்ததும் அரசாங்கம், வாங்கியதும் அரசாங்கம். நடுவில் நாங்கள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த ஆபீசில் வேலை செய்தவர் சாந்தகுமாரி மேடம் ஒருவர்தான். காக்ஸ் டவுனில் வாடகை வீடு. அவர் கணவர் சுந்தரம் எங்களிடம் ஃபிட்டராக இருந்தவர். அவர் இறந்துபோனதும் கருணை அடிப்படையில் மேடத்துக்கு வேலை கொடுத்தார்கள். சேர்ந்த அன்று அப்போதைய இயக்குநர் ஜன்னல் வழியாகக் காம்பவுண்டைக் காட்டி, "அங்கே ஒரு மழைமானி இருக்கிறது, தினமும் காலை எட்டரைக்கு அளந்து ரிஜிஸ்டரில் எழுதி, மழை விவரப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்றார். அடுத்த வாரம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. மேடம் பதினாறு வருடம் அளந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட சர்ச்சுக்குப் போகும் முன் வந்து அளந்துவிட்டுப் போவார். மழை இல்லாத நாளில் 0.0 என்று எழுதுவார். ஒரு முறை காய்ச்சலில் மூன்று நாள் வரவில்லை. திரும்பி வந்து அந்த மூன்று கட்டத்திலும் 'அளக்கவில்லை, காய்ச்சல்' என்று எழுதினார். "ஏதாவது ஒரு நம்பர் போடுங்க மேடம், மழைக்கா தெரியப் போவுது?" என்று நானே சொன்னேன். "எனக்குத் தெரியுமே சார்" என்றார்.

சென்ற அக்டோபரில் எங்கள் கடனைத் தள்ளுபடி செய்து ஆணை வந்தது. ஆணைக்குச் சந்தனமாலை போட்டு மேசையில் வைத்து ஒரு விழா நடத்தினோம். விழாச் செலவுக்கு நாலு லட்சம் கையில் இல்லாததால் அதை மட்டும் புதிதாகக் கடன் வாங்கினோம். அப்போதைய இயக்குநர் ப்ரஹ்லாத் வந்தார். அவர் கையில் எங்களோடு சேர்த்து ஐந்து கழகங்கள். எங்கள் கட்டிடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை, வழிகேட்டு வந்தார். கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

"நண்பர்களே, மற்ற கழகங்கள் பொருள் செய்து நஷ்டம் அடைந்தன. நீங்கள் பொருளே செய்யாமல் அதே நஷ்டத்தை அடைந்தீர்கள். இதனால் மூலப்பொருள் செலவு முழுவதும் மிச்சம். இருபது வருடத்தில் ஒரு வருடம்கூட நீங்கள் நஷ்டக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்ததில்லை. இந்த ஒழுக்கத்தைப் பார்த்துத்தான் அரசாங்கம் மனம் இரங்கியிருக்கிறது. கடன் இல்லாத கழகமாக நீங்கள் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறீர்கள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கழகத்தை மூடிவிடுவோம்."

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தோம். மைசூர்பாகு வந்தது. பிறகுதான் ஆணையின் இரண்டாவது தாளைப் படித்தார்கள். ஊழியர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருப்பவர்கள் 'ஹெச்சுவரி சிப்பந்தி', அதாவது உபரி ஊழியர்கள். அவர்களை ஆள் பற்றாக்குறை உள்ள வேறு துறைகளுக்கு மாற்ற வேண்டும், சம்பளம் குறையாது, ஓய்வூதியம் உண்டு. வேலை உள்ளவர்கள் அத்தியாவசிய ஊழியர்கள். அவர்கள் மூடும் நாள் வரை அந்த வேலையைச் செய்ய வேண்டும். மூடிய பிறகு ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்து இரண்டு, இன்னும் எட்டு வருட சர்வீஸ். மகள் அனுஷா நர்சிங் இரண்டாம் வருடம். அந்த 'ஒரு தொகை' அவர் கணக்கில் ஏழு லட்சம் வந்தது. மகள் படிப்பை முடிப்பதற்கே அதில் பாதி போய்விடும், மீதி வாடகைக்கு இரண்டு வருடம் தாங்கும். அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ஆதி சார், வேலை செய்றவங்களத்தான் அனுப்புவாங்களா? நான் சரியாத்தான் கேட்டேனா?"

"சரியாத்தான் கேட்டீங்க மேடம்" என்றேன். மைசூர்பாகை அவர் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் படிவம் ஏழு வந்தது. கடந்த மூன்று வருடங்களில் தான் எந்த வேலையும் செய்யவில்லை என்பதை ஒவ்வொருவரும் அதற்கென்று போட்ட ஒரு கமிட்டியிடம் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். என் சர்வீசில் நான் ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்து ஆறு மணி வரை உட்கார்ந்து வேலை செய்தது அதற்கடுத்த இரண்டு மாதம்தான். எல்லோரும் அப்படித்தான். லீவு கேட்க ஆள் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் சூடேறி நின்றது. பல வருடமாக முகம் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து சேர்ந்ததில் நாற்காலி பற்றவில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்று காட்டுவது சாதாரண விஷயம் இல்லை. என் ஸ்டோரில் விற்காத மழைமானிகள் ஆயிரத்துச் சொச்சம் கிடந்தன. பதினைந்து வருடத்து ஒட்டடை ஒன்றே போதும், கமிட்டி பார்த்ததும் சான்றிதழ் கொடுத்துவிடும். நான் என்ன செய்தேன்? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று சொன்னதும் பழக்க தோஷத்தில் துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, சாமான்களை வரிசையாக அடுக்கிவிட்டேன். கமிட்டி வந்து பார்த்து, "பரவாயில்லையே, நல்ல பராமரிப்பு" என்று குறித்துக்கொண்டது. ஒட்டடை இருந்ததற்குச் சாட்சியாக இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து தப்பித்தேன்.

டிரைவர் கிளாரன்ஸ் பாடு இன்னும் மோசம். பிரேசர் டவுன்காரர், நல்ல மனிதர். அவருடைய ஜீப் இரண்டாயிரத்துப் பதினொன்றில் நின்ற இடத்திலேயே நின்றது, அதற்குள் ஒரு முருங்கை மரம் முளைத்துக் காய்க்கிறது. ஆனால் விதிப்படி லாக் புத்தகத்தில் தினமும் 'ஓடிய தூரம்: பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தினமும் எழுதினால் அது வேலை ஆகாதா என்று கமிட்டி சந்தேகப்பட்டது.

"இன்னா சார் இது, வேல செய்லன்னு சொல்றதுக்கு இவ்ளோ வேலயா?" என்று என்னிடம் வந்து புலம்பினார் கிளாரன்ஸ். "அல்லாத்தயும் வருஷக் கடைசில ஒரே நாள்ல குந்தி எழுதிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். கர்த்தர் மன்னிப்பாரு. கமிட்டி ஒத்துக்கிச்சு."

சாந்தகுமாரி மேடத்தின் முறை வந்தபோது அடுத்த ஆளாக நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். கமிட்டித் தலைவர் சேஷகிரி, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மேடத்தின் ரிஜிஸ்டர்களை முன்னால் அடுக்கி வைத்திருந்தார்.

"உக்காருங்கோம்மா. இத்தனையும் நீங்களே எழுதினதா?"

"ஆமா சார்."

"தினமுமா?"

"தினமும் சார். காய்ச்சல்ல மூணு நாள் விட்டுப்போச்சு. அதையும் எழுதியிருக்கேன்."

சேஷகிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு ரிஜிஸ்டரைப் பார்த்ததில்லைம்மா. நானே இப்படி எழுதினதில்லை. நான் எழுதினதெல்லாம் ஆடிட் வர முந்தின வாரம் எழுதினது. உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் எங்களை மாதிரி நாற்பது பேர் ரிடையர் ஆக முடியறது."

"அப்ப என்ன வேற டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புவீங்களா சார்?"

"அதெப்படி? உங்களுக்கு இங்க வேலை இருக்கே. உங்களை அனுப்பிட்டா காலம்பற எட்டரைக்கு யார் அளப்பா?"

"மார்ச்ல மூடிடறாங்களே சார்."

"மூடற வரைக்கும் மழை பெய்யுமோல்லியோ?"

மேடம் நாற்காலி நுனிக்கு வந்தார். "நிஜமா சொல்றேன் சார். இது யாருக்கும் வேணாத வேலை சார். நான் அனுப்பறத யாரும் படிக்கிறதில்ல."

"அப்படி நீங்க சொல்லப்படாது. வாங்கிக்கற ஆபீஸ் எழுத்துல சொல்லணும். உங்க வேலையால பிரயோஜனம் இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிண்டு வாங்கோ. கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போடறேன். எனக்கு உங்களுக்கு உதவி பண்ணணும்னு ஆசைம்மா, விதிதான் குறுக்கே நிக்கறது."

மறுநாள் மழை விவரப் பிரிவுக்கு மேடத்தோடு நானும் போனேன். அது ஒரு பல மாடிக் கட்டிடத்தில் ஆறாவது மாடி. சூப்பிரண்டெண்ட் கோவிந்தப்பா எங்களை உட்காரச் சொன்னார். உட்கார இடம் இல்லை. இருந்த ஸ்டூலை நகர்த்தப் போனபோது மேடம் அப்படியே நின்றுவிட்டார். அது ஸ்டூல் இல்லை. கயிறு போட்டுக் கட்டிய உறைகள், மேலே ஒரு பழைய துண்டு. எல்லா உறையிலும் மேடத்தின் கையெழுத்து. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டும் அவருடையதுதான், மேசையின் ஆடும் காலுக்குக் கீழே இருந்ததும் அவருடையதுதான்.

மேடம் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார்.

"சார், இத நீங்க படிக்கலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். போதும்."

கோவிந்தப்பா பதறிப்போனார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். "ஐயோ, அது ஆகல்ல மேடம். ஓதலேன்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கே எனக்கு நோட்டீஸ் வரும். ஸ்வல்ப யோசனை பண்ணுங்க. எங்க ஆபீசுல ஏன் இத்தன ஆளுன்னு மேல கேக்கறாங்க. உங்க கவர் வருது, நாங்க வாங்கறோம், அதனாலதான் எங்களுக்கும் வேலை இருக்குன்னு காட்டறோம். நீங்க நின்னா நாங்களும் நின்னோம்."

"உங்களுக்கு வேலை இருந்தா நல்லது சார். எனக்கு இருந்தாத்தான் கெட்டது."

"ஒந்து நிமிஷ இருங்க" என்று சொல்லி அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். திருமதி சாந்தகுமாரி அனுப்பும் விவரங்கள் மாநிலத்துக்கு மிக முக்கியமானவை, தினசரி முடிவுகள் அவற்றை வைத்தே எடுக்கப்படுகின்றன, இனிமேல் இரண்டு பிரதிகளாக அனுப்பவும் என்று அதில் இருந்தது. கீழே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மேடம் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "நல்ல லெட்டர்தான் சார்" என்றார்.

கடிதத்தின் நகல் கமிட்டிக்கும் போயிருந்தது. கிளாரன்ஸ்தான் வழி சொன்னார். "நாளைலேர்ந்து அளக்காதீங்க மேடம். வேல செஞ்சாத்தான வேல இருக்குதும்பாங்க?" மனசில்லாமல் மேடம் இரண்டு நாள் மழைமானிப் பக்கம் போகவில்லை. பதினாறு வருடம் யாரும் திறந்து பார்க்காத ரிஜிஸ்டரை இப்போது கமிட்டியின் குமாஸ்தா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மெமோ வந்தது. செய்யப்படாத வேலை நிலுவை வேலை ஆகும், நிலுவை உள்ள ஊழியரை எந்தத் துறைக்கும் விடுவிக்க இயலாது, மேலும் கடமை தவறியதற்காக 'ஒரு தொகை'யை ஏன் குறைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். மேடம் மறுபடியும் அளக்கப் போனார். அந்த இரண்டு நாளுக்கும் என்ன எழுதினார் என்று பார்த்தேன். 'அளக்கவில்லை, பயம்' என்று எழுதியிருந்தார்.

இதற்கெல்லாம் சிகரம் ஜனவரி இருபத்தாறு. குடியரசு தினத்தன்று சிறந்த ஊழியர் விருது மேடத்துக்கு. தலையில் மைசூர்ப் பேட்டா எனும் தலைப்பாகை, தோளில் சால்வை, கையில் பழக்கூடை. ப்ரஹ்லாத் பேசினார்.

"இப்படிப்பட்ட ஊழியரை இழக்க எந்த நிறுவனமும் சம்மதிக்காது. பல துறைகள் ஆள் கேட்கின்றன. அவர்களுக்கு நாற்பத்து இரண்டு பேரைத் தாராளமாகக் கொடுக்கிறோம். வேலை தெரியாதவர்களைக் கொடுத்தால்தான் அங்கே பயிற்சி கொடுக்க வாய்ப்பு இருக்கும். ஆனால் இவரை மட்டும் நாங்கள் விட மாட்டோம். மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்தரை மணி வரை விடவே மாட்டோம்."

நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. என் பையில் அன்று காலையில்தான் கிடைத்த சான்றிதழ் இருந்தது.

பிப்ரவரியில் நாங்கள் நாற்பத்து இரண்டு பேரும் பிரிந்து போனோம். எனக்கு மீன்வளத் துறை. அங்கே நாற்காலி கிடைத்தது, வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிளாரன்ஸுக்குத் தோட்டக்கலைத் துறை, முருங்கை மரத்தோடு இருந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் என் சர்வீஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று பழைய ஆபீசுக்குப் போனேன். மேடம் தனியாக உட்கார்ந்து பீரோ சாவிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. எனக்கு டீ வரவழைத்தார். டீ குடிக்கும்போது ஈமெயிலில் ஒரு ஆணை வந்தது. ப்ரஹ்லாத் அன்று முற்பகலே வேறு பதவிக்குப் போய்விட்டார். கழகத்தில் இருப்பவர்களில் மூத்த ஊழியர் மாலை ஐந்தரை வரை நிர்வாக இயக்குநர் பொறுப்பு வகிக்க வேண்டும்.

மூத்த ஊழியரும் இளைய ஊழியரும் அவர் ஒருவர்தான்.

படிவம் ஏழு எனக்கு மனப்பாடம். கமிட்டியின் காலம் மார்ச் பதினைந்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கழகம் மூடும்வரை சான்றளிக்கும் அதிகாரம் நிர்வாக இயக்குநருக்குத்தான், அவர் முடிவே இறுதி. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

"மேடம், நீங்கதான் எம்.டி. நீங்களே சைன் போடலாம்! மணி மூணுதான் ஆவுது!"

அவர் நம்பவில்லை. விதியை எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு மகளுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் அனுஷா கத்தியது எனக்கும் கேட்டது.

"அம்மா! இதுக்கு என்னத்துக்கு எனக்கு போன் பண்ற? நீதான் எம்.டி.ன்னா நீயே சைன் போட்டுக்க வேண்டியதுதானே? போடும்மா மொதல்ல!"

மேடம் சிரித்தார். அந்த ஆறு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆனால் எதையும் முறைப்படிதான் செய்வார். தன் மேசையில் உட்கார்ந்து மனுதாரராகப் படிவத்தை நிரப்பினார். வரவுப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டார். ஆவணமாகப் பதினாறு வருட ரிஜிஸ்டர்களை இணைத்தார். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய் இயக்குநர் அறை மேசையில் வைத்தார். நானும் பாதியைச் சுமந்தேன். பிறகு மேசையைச் சுற்றி வந்து, நாற்காலியைத் துடைத்து, அதில் உட்கார்ந்தார்.

படிவத்தின் கடைசி வரியைச் சான்றளிக்கும் அதிகாரி தன் கையால் எழுத வேண்டும். தட்டச்சு செய்யக் கூடாது.

"ஆதி சார், உங்களுக்கு என்ன எழுதினாங்க? அப்படியே சொல்லுங்க."

நான் சொன்னேன். "மேற்படி ஊழியர் எந்த வேலையும் செய்யவில்லை என்பதை ஆவணங்களைப் படித்துப் பார்த்து, என் மனமறிந்து சான்றளிக்கிறேன்." வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

"படித்துப் பார்த்துன்னு இருக்கா?"

"அது சும்மா ஒரு வார்த்தைக்கு மேடம். யாரும் படிக்கறதில்ல."

அவர் முதல் ரிஜிஸ்டரைத் திறந்தார். நான் தடுக்கவில்லை, நேரம் இருந்தது. அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். நடுநடுவே என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "இது அனுஷாவ எல்.கே.ஜி.ல முதல் நாள் விட்டுட்டு ஓடி வந்து எடுத்தது சார், ரெண்டு புள்ளி நாலு." இன்னொரு பக்கத்தில், "இது நூத்தி நாலு. அன்னிக்கு சிவாஜிநகர்லேர்ந்து பஸ் இல்ல, இடுப்பளவு தண்ணியில நடந்து வந்தேன். பாட்டில் ரொம்பி வெளிய வழிஞ்சிருக்குமோன்னு பயம். வழியல." பூஜ்யங்கள் மட்டுமே இருந்த பக்கங்களையும் அவர் தள்ளிவிடவில்லை, விரல் வைத்துப் பார்த்தார். நான்கரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று.

"இதுக்கு முன்னாடி இத யாரும் படிச்சதில்ல இல்ல சார்?"

"இல்ல மேடம். சைன் போடுங்க, மணி ஆவுது."

பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். தேதி போட்டு, கீழே பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டு, படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

'ஆவணங்களைப் படித்துப் பார்த்தேன். மனுதாரருக்கு வேலை இருந்தது. அதைப் பதினாறு வருடம் சரியாகச் செய்திருக்கிறார். எந்த வேலையும் செய்யவில்லை என்று சான்றளிக்க இயலாது.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்ன பண்ணிட்டீங்க மேடம்! எட்டு வருஷம் மேடம்! பென்ஷன்! இந்த ஊர்ல எத்தன பேர் எத்தன பொய் எழுதியிருக்கான், நீங்க ஒண்ணு எழுதினா கொறஞ்சா போயிடும்? வேற படிவம் எடுங்க, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"வேற யாராவது எழுதிக் குடுத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன் சார். கண்டிப்பா வாங்கியிருப்பேன். எத்தன பேர் கிட்ட போய் நின்னேன், நீங்களும்தானே வந்தீங்க." அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "என் கையால எப்படி சார் எழுதறது?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தால் நான் மீன்வளத் துறையில் இருந்திருக்க மாட்டேன்.

அவர் எழுந்து தன் பழைய மேசைக்கு வந்தார். உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றினார். மனுதாரருக்கு ஒரு நகல் எடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கழகத்தின் ஐம்பது வருடத்தில் ஒரு நிர்வாக இயக்குநர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட கோப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்தரைக்கு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினோம். சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஆணையில் இல்லை. வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, சைன் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"என்னன்னு எழுதின?"

"உள்ளத எழுதினேன்டி. நான் வேலை செஞ்சேன்னு எழுதிட்டேன்."



"சரி" என்றாள் அனுஷா. "வீட்டுக்கு வாம்மா."